அந்தப் படகு, வந்த படகு: ஒரு திறனை வகுப்பில் நேரடியாகக் கற்றுக்கொடுப்பது எப்படி

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே "புரிஞ்சுது மிஸ்" என்று ராகம் போட்டுச் சொல்லும். கடலூர் முதுநகரிலும் அப்படித்தான், புதுச்சேரி லாஸ்பேட்டையிலும் அப்படித்தான். சாயங்காலம் நோட்டைத் திருத்தும்போது பார்த்தால் 53 − 27 = 34 என்று வரிசையாகப் போட்டு வைத்திருப்பார்கள். "புரிஞ்சுது" என்ற சொல்லை நம்பாமல், ஒவ்வொரு பிள்ளையின் கை என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்து அடுத்த அடி வைப்பதுதான் நேரடிக் கற்பித்தல். நான் செய்து காட்டுகிறேன், நாம் சேர்ந்து செய்வோம், பிறகு நீ தனியாகச் செய். சொல்வதற்கு மூன்று வரிதான். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு எப்போது நகர்வது என்று தெரிந்துகொள்வதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

இதைச் சொற்பொழிவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சொற்பொழிவில் ஆசிரியர் 40 நிமிடம் பேசுவார், பிள்ளைகள் கேட்பார்கள். இங்கே ஆசிரியர் தொடர்ந்து இரண்டு நிமிடம் பேசினாலே அதிகம். அதற்குள் பிள்ளைகள் எதையாவது சொல்லியிருக்க வேண்டும், எழுதியிருக்க வேண்டும், காட்டியிருக்க வேண்டும். இது மனப்பாட முறையும் இல்லை. பிள்ளை இதுவரை பார்க்காத கணக்கையும் போட முடிந்தால்தான் பாடம் நடந்ததாக அர்த்தம்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1960களில் சீக்ஃபிரீட் எங்கல்மனும் கார்ல் பெரைட்டரும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நடத்திய முன்பருவ வகுப்பில் இந்த முறை உருவானது. அங்கே 1968-ல் தொடங்கிய 'ஃபாலோ த்ரூ' என்ற பெரிய அரசுத் திட்டம் பல கற்பித்தல் முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தது. 1977-ல் வந்த அதன் அறிக்கையில், வாசிப்பு, கணக்கு போன்ற அடிப்படைத் திறன்களில் இந்த முறை முன்னணியில் நின்றது. தன்னம்பிக்கையை அளந்து பார்த்ததிலும் அதே நிலைதான். பராக் ரோசன்ஷைன் என்ற ஆய்வாளர், பிள்ளைகளை நன்றாகத் தேற்றும் ஆசிரியர்கள் வகுப்பில் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்த ஆய்வுகளைத் திரட்டி 2010-ல் 10 கொள்கைகளாகச் சுருக்கினார். கீழே வரும் பலவற்றுக்கு எங்கல்மனும் ரோசன்ஷைனும்தான் வேர். எங்கல்மனிடமிருந்து முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: பிள்ளை தப்பு செய்தால், நாம் காட்டிய உதாரணங்களில் எங்கே ஓட்டை இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

எந்தத் திறனுக்கு, எந்த அளவில்

ஒரு சரியான வழிமுறை இருக்கும் திறன்களுக்கு இது பொருந்தும். கழித்தல், நீள் வகுத்தல், எழுத்துக்கூட்டி வாசித்தல், ஒற்று போடுதல், வரைபடத்தில் புள்ளி குறித்தல், கோணமானியால் அளத்தல், ஆய்வகத்தில் அளவு ஜாடியைப் படித்தல் எல்லாம் இந்த வகை. "எங்க ஊர் மழை" என்று கட்டுரை எழுதச் சொல்வதற்கு இந்த முறை வேண்டாம். ஆனால் அந்தக் கட்டுரையில் பத்தி பிரிப்பதை இப்படிச் சொல்லித்தரலாம்.

'கழித்தல்' என்பதே ஒரு பாடமாக முடியாது. இரண்டு இலக்கம், ஒரு முறை கடன் வாங்குவது என்று குறுக்கினால்தான் 40 நிமிடத்துக்குள் அடங்கும். நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கக் கணக்கை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பீரியடில் திணித்தால் இரண்டுமே நிற்காது.

அதற்கு முன்னால் அடித்தளத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். 13−7, 15−8, 11−4 போன்ற 10 கேள்விகள், இரண்டு நிமிடம். 8 கூடச் சரியாக வராத பிள்ளைக்குக் கடன் வாங்குவதைச் சொல்லித்தருவது வீண். பதிமூன்றிலிருந்து ஏழைக் கழிக்க விரலை மடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, எந்த இலக்கத்தை அடித்தோம் என்பது அதற்குள் மறந்துபோகும். மனதில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு சங்கதிகளுக்கு மேல் நிற்காது. அந்த இடத்தை விரல் எண்ணிக்கை பிடித்துக்கொண்டால் புதுப் பாடத்துக்கு இடம் இல்லை.

எண்ணைக் காதால் கேட்டு எழுதத் தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நம் மொழியில் இதற்கென்று ஒரு பொறி இருக்கிறது. 'தொண்ணூறு' என்ற சொல்லுக்குள் 'நூறு' ஒளிந்திருக்கிறது, 'தொள்ளாயிரம்' என்ற சொல்லுக்குள் 'ஆயிரம்' ஒளிந்திருக்கிறது. தொண்ணூற்று மூன்று என்றதும் சில பிள்ளைகள் தடுமாறுவது அதனால்தான். அதைக் கணக்குத் தெரியாததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சொல்லையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பாடநூலில் இனமாற்றம், அம்மா வாயில் கடன் வாங்குறது, ஆங்கில வழி வகுப்பில் பாரோயிங். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்குப் போன பிறகு இந்தக் குழப்பம் அங்கே கூடியிருக்கிறது. எந்தச் சொல்லை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததை அந்த வாரம் முழுக்க மாற்றாதீர்கள். பிள்ளை பாதி பழகியிருக்கும்போது சொல்லை மாற்றினால், வேறு ஏதோ புதுப் பாடம் என்று நினைத்துக்கொள்ளும்.

உதாரணம் பொறுக்குவது

பாடக்குறிப்பு எழுதும்போது அதிக நேரம் இதற்குத்தான் போக வேண்டும். வகுப்பில் நின்றுகொண்டு வாய்க்கு வந்த எண்ணைப் போர்டில் போடக் கூடாது. ஏன் என்பதற்கு 52 − 27 ஒன்றே போதும்.

இதில் பிள்ளைகள் இரண்டு விதமாகத் தப்பு செய்வார்கள். ஒருவன் இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும் தலைகீழாக ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 போடுவான், பத்து இடத்தில் 5−2 என்று 3 போடுவான். விடை 35. இன்னொருத்தி ஒழுங்காகக் கடன் வாங்கி 12−7=5 போடுவாள், ஆனால் பத்து இடத்தில் இருந்த 5-ஐ 4 ஆக்க மறந்துவிடுவாள். அவள் விடையும் 35. இருவரும் வேறு வேறு இடத்தில் தவறியிருக்க, நோட்டில் தெரிவது ஒரே எண். யாருக்கு எதைத் திருத்துவது?

53 − 27 என்று கொடுத்தால் சரியான விடை 26, தலைகீழாகக் கழித்தவனுக்கு 34, குறைக்க மறந்தவளுக்கு 36. விடையைப் பார்த்ததும் நோய் தெரிந்துவிடும். ஒன்று இடத்து இலக்கங்களுக்கு இடையே வித்தியாசம் 5 ஆக இருக்கும்போதெல்லாம் இரண்டு தப்பும் ஒரே விடையில் போய் விழும். 52−27, 61−36, 74−39 எல்லாம் அந்த ரகம். சோதிக்கும் கணக்குகளில் இவற்றைத் தவிருங்கள். 64−38, 72−45, 81−54 நல்லவை.

அடுத்தது, கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகளைக் கலந்து வைப்பது. எல்லாமே கடன் வாங்கும் கணக்காக இருந்தால் பிள்ளை 'முடியுமா?' என்று பார்ப்பதையே விட்டுவிடும், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும். பிறகு 68−35 கொடுத்தால் ஆறை அடித்து 5 ஆக்கி, 18−5=13 போட்டு, 213 என்று கொண்டுவந்து நிறுத்தும். பத்து கணக்கில் குறைந்தது மூன்று கடன் வாங்காததாக இருக்கட்டும், அவை எங்கே வரும் என்று ஊகிக்க முடியாதபடி சிதறி இருக்கட்டும்.

செய்து காட்டுவது

போர்டில் 53 − 27. தென்னை ஈர்க்குகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தால் 5 கட்டு, 3 தனி என்று மேசையில் வைத்துவிடலாம். குழுவுக்கு 100 ஈர்க்கு, 10 ரப்பர் பேண்ட் போதும். பிள்ளைகள் கையில் எதுவும் இருக்க வேண்டாம், பேனா கீழே. "இப்ப மிஸ் போடுறேன், நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும் நீங்களே:

"முதல்ல ஒன்று இடம். மூணு இருக்கு, ஏழு எடுக்கணும். எடுக்க முடியுமா? முடியாது. அப்ப பத்து இடத்துக்குப் போறேன். அஞ்சு பத்து இருக்கு. ஒரு பத்தை எடுக்கிறேன். அஞ்சை அடிச்சு நாலு போடுறேன். எடுத்த பத்தை மூணோட சேர்க்கிறேன், பதிமூணு. பதிமூணுல ஏழு போனா ஆறு. இப்ப பத்து இடம். நாலுல ரெண்டு போனா ரெண்டு. விடை இருபத்தாறு."

ஒரு பத்தை எடுக்கும்போது ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி ஈர்க்குகளை மூன்றோடு சேர்த்துக் காட்ட வேண்டும். கடன் என்ற சொல் எதையும் விளக்குவதில்லை. கட்டு அவிழ்ந்து பத்துத் தனி ஈர்க்காக ஆவதைக் கண் பார்த்தால்தான் இனமாற்றம் மனதில் ஏறும்.

5-ஐ அடித்து 4 போடுவது முதலில், 3-ஐ 13 ஆக்குவது பிறகு. பல பேர் மாற்றிச் செய்கிறார்கள். 13 போட்டதும் பிள்ளையின் கவனம் 13−7-க்குத் தாவிவிடும், 5 அடிக்கப்படாமலே நிற்கும். குறைக்க மறக்கும் தப்பு பல நேரம் இந்த வரிசை மாற்றத்தில்தான் பிறக்கிறது.

இரண்டாவது உதாரணத்தையும் மூன்றாவதையும் அதே சொற்களில் செய்யுங்கள். அழகுக்காக வாக்கியத்தை மாற்ற வேண்டாம். "எடுக்க முடியுமா?" என்பது மூன்று முறையும் "எடுக்க முடியுமா?" ஆகவே இருக்க வேண்டும், ஏனென்றால் பிறகு பிள்ளை தனக்குத் தானே கேட்டுக்கொள்ளப் போகும் கேள்வி அதுதான். மூன்றில் ஒன்று கடன் வாங்காத கணக்காக இருக்கட்டும்: "எட்டு இருக்கு, அஞ்சு எடுக்கணும். எடுக்க முடியுமா? முடியும். அப்ப எங்கேயும் போக வேண்டாம்."

சேர்ந்து செய்வது

இப்போது அதே கேள்விகள், ஆனால் பதில் பிள்ளைகளுடையது. நான்காவது கணக்கில் ஒவ்வொரு அடிக்கும் கேளுங்கள். ஐந்தாவதில் பாதி அடிகளுக்கு மட்டும். ஆறாவதில் "முதல்ல என்ன கேட்கணும்?" என்ற ஒரே கேள்வி. ஏழாவதில் வாய் திறக்காதீர்கள். தாங்கிப் பிடிக்கும் கையை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஒரேயடியாக எடுத்தால் விழுவார்கள், எடுக்காமலே இருந்தால் உங்கள் குரல் இல்லாமல் அவர்களுக்குக் கணக்கு வராது.

எல்லாரும் ஒரே குரலில் பதில் சொல்லும்போது ஒரு சைகை வேண்டும். கையை உயர்த்திக் கேள்வி கேளுங்கள், மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், கையை இறக்குங்கள். இறங்கும்போதுதான் பதில் வர வேண்டும். மேரி பட் ரோவ் 1970களில் வகுப்பறைகளில் அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடி ஆக்கியதும் பதில் சொல்லும் பிள்ளைகள் கூடினார்கள், பதில்களும் நீண்டன. மூன்று வினாடி மௌனம் போர்டுக்கு முன்னால் நிற்பவருக்கு மிக நீளமாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைகை இல்லாவிட்டால் முதல் பெஞ்சின் நாலு பேர் சொல்வார்கள், மற்றவர்கள் அரை நொடி கழித்து அதைத் திருப்பிச் சொல்வார்கள். காதுக்கு வகுப்பே சொல்வதுபோல் இருக்கும். பதில் 'இருபத்தா...று' என்று இழுபட்டு வந்தால் பின்னால் வருபவர்கள் எதிரொலிக்கிறார்கள் என்று பொருள். அதே கேள்வியை இன்னும் நீளமாகக் காத்திருந்து மறுபடி கேளுங்கள்.

நம் வகுப்பறைகளில் ஊறிப்போன இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். "இதுக்குப் பேரு இனமாற்...?" என்று ஆசிரியர் நிறுத்த, வகுப்பு "...றம்!" என்று முடிக்கும். சொல்லின் வாலை மட்டும் பிடித்து முடிப்பதற்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தலையாட்டிக் கேட்கும் "எடுக்க முடியாது, இல்லையா?"வும் அப்படியே. கேள்வியில் விடை இருக்கக் கூடாது.

ஒரே குரல் சிறிய பதில்களுக்குத்தான். விடை எழுத்தாக வேண்டிய இடத்தில் சிலேட்டு. எல்லாரும் எழுதி, கவிழ்த்து வைத்து, "காட்டு" என்றதும் தாடைக்குக் கீழே பிடிக்க வேண்டும். சிலேட்டு இல்லாத உயர் வகுப்பில் பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளைத் தாளைச் செருகி மார்க்கர் பேனாவால் எழுதித் துணியால் துடைக்கலாம். ஐந்து வினாடியில் 30 விடைகள் உங்கள் கண்ணில் பட்டுவிடும். ஒரு பிள்ளையைப் போர்டுக்கு வரச் சொன்னால் அந்த நேரத்தில் 29 பேர் சும்மா இருப்பார்கள், அதுவும் பெரும்பாலும் தெரிந்த பிள்ளைதான் கையைத் தூக்கியிருக்கும்.

தனியாகக் கேட்கும்போது கேள்வி முதலில், பெயர் கடைசியில். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் மூச்சு விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

தனிப் பயிற்சிக்கு எப்போது விடுவது? ரோசன்ஷைன் சொல்லும் அளவு 80%. 30 பேர் வகுப்பில் 24 சிலேட்டு சரியாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை செய்து காட்டுங்கள். 24-ஐத் தாண்டிவிட்டால் மற்றவர்களை எழுத விட்டுவிட்டு, தவறிய ஐந்தாறு பேரைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து அவர்களோடு 'நாம்' கட்டத்தைத் தொடருங்கள். அவர்களும் எழுதட்டும் என்று விட்டால் பத்து கணக்கையும் தப்பாகவே போட்டுத் தப்பைப் பழகிவிடுவார்கள். பழகிய தப்பைப் பிடுங்குவது புதிதாகச் சொல்லித்தருவதைவிடக் கடினம்.

திருத்துவது

பிள்ளை தப்பாகச் சொன்னதும் "நல்லா யோசி" என்பது உதவாது, யோசிக்கத் தெரிந்திருந்தால் தப்பே வந்திருக்காது. குறிப்பு மேல் குறிப்பாகக் கொடுத்துக் கடைசியில் ஊகிக்க வைப்பதும் உதவாது. பத்தே வினாடியில் முடியும் ஒரு வரிசை போதும். சரியானதை நீங்கள் செய்து காட்டுங்கள், பிள்ளையோடு சேர்ந்து ஒரு முறை, பிள்ளை தனியாக ஒரு முறை. பிறகு வேறு இரண்டு மூன்று கேள்விகளுக்குப் போய்விட்டு, தப்பாக வந்த அதே இடத்துக்குத் திரும்பி வந்து கேளுங்கள். இந்தக் கடைசி அடியைத்தான் அதிகமாக விட்டுவிடுகிறோம். உடனே திருப்பிச் சொன்னது காதில் இருந்த ஒலி. மூன்று கேள்வி கழித்துச் சொன்னால்தான் அது பிள்ளையின் சொந்தம்.

குரல் மாறக் கூடாது. திருத்தமும் பாடத்தின் ஒரு வரி என்பதுபோல் அதே வேகத்தில் போகட்டும். பாராட்டும்போது "சூப்பர்" என்று நிறுத்தாமல் எதைச் சரியாகச் செய்தது என்று சொல்லுங்கள்: "அஞ்சை அடிச்சு நாலு போட்டுட்டுதான் பதிமூணு போட்டே, சரி."

40 நிமிடப் பீரியடில் இவை ஏறத்தாழ இப்படி விழும்: பழைய பாடத்தைப் புரட்ட 5, செய்து காட்ட 8, சேர்ந்து செய்ய 14, தனியாக எழுத 10, கடைசியாக ஒரே ஒரு கணக்கைத் துண்டுத் தாளில் எழுதி வாங்க 3. தனிப் பயிற்சியில் 20-க்கு 19 வரும் வரை அந்தத் திறனை 'முடிந்தது' என்று குறிக்க வேண்டாம். அது ஒரே நாளில் நடக்கவும் வேண்டாம். வீட்டுப் பாடமாக வகுப்பில் தேறியதை மட்டுமே கொடுங்கள். இரவு ஷிஃப்டுக்குப் போகும் அப்பாவும் விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகும் அம்மாவும் இருக்கும் வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருக்காது.

அந்தப் படகு

கணக்குக்கு மட்டுமான முறை என்று நினைத்துவிடக் கூடாது. ஒற்று போடுவதில் இது இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே உதாரணங்களின் வரிசைதான் ஆசிரியர்.

வழக்கமாக என்ன நடக்கிறது? "அந்த, இந்த, எந்த என்ற சொற்களுக்குப் பின் வல்லினம் மிகும்" என்று விதியைச் சொல்லி, அந்தப் பையன், இந்தக் கடை, எந்தத் தெரு என்று மூன்று உதாரணம் எழுதிப் போடுகிறோம். மறுநாள் கட்டுரையில் 'அந்தம் மரம்' வருகிறது, 'வந்தப் பையன்' வருகிறது. பிள்ளை முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை. நாம் காட்டிய மூன்றிலும் 'ந்த' என்று முடிந்தது, மூன்றிலும் ஒற்று வந்தது. ஆகவே 'ந்த'வுக்குப் பின் ஒற்று என்று அது சரியாகவே ஊகித்தது. எங்கே ஒற்று வராது என்று நாம் காட்டவே இல்லை.

வரிசையை இப்படி மாற்றுங்கள். முதலில் 'அந்தப் படகு'. உடனே அடுத்து 'அந்த வலை'. முதல் சொல் மாறவில்லை, இரண்டாவது சொல் மாறி 'வ'வில் தொடங்கியது, ஒற்று போய்விட்டது. ஆக அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்கே தெரிகிறது. மூன்றாவது 'வந்த படகு'. இப்போது இரண்டாவது சொல் அதேதான், முதல் சொல் மாறியது, ஒற்று வரவில்லை. நான்காவது, மறுபடியும் 'அந்தப் படகு'. நான்கையும் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே கை எழுத்தில், மாறிய எழுத்தை மட்டும் வண்ணச் சாக்பீஸால் எழுத வேண்டும்.

இதற்குப் பிறகே இரண்டு கேள்விகள். முதல் சொல் அந்த, இந்த, எந்த என்ற மூன்றில் ஒன்றா? அடுத்த சொல் க, ச, த, ப வரிசை எழுத்தில் தொடங்குகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த எழுத்தின் ஒற்றைப் போடு. ஒன்றுக்கு இல்லை என்றாலும் போடாதே. பெயரெச்சம் என்ற பெயரை அன்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து ஒன்றுக்கொன்று தூரமான சொற்களால் அகலப்படுத்துங்கள்: இந்தச் சுறா, எந்தத் துறை, அந்தக் கெடிலம், இந்த ஆறு, எந்த ஊர், நொந்த கால், பார்த்த கடல், எந்தப் பள்ளி, சிறந்த பாடல், அந்த டீக்கடை. டீக்கடையில் யாராவது கட்டாயம் தயங்குவார்கள். ட அந்த நான்கு எழுத்தில் இல்லை, ஆகவே ஒற்று வேண்டாம், அவ்வளவுதான். பிள்ளை சிலேட்டில் முழுச் சொற்றொடரையும் எழுதட்டும். 'வரும்', 'வராது' என்று மட்டும் சொல்ல வைத்தால் பாதிக்குப் பாதி ஊகத்திலேயே சரியாகிவிடும்.

பள்ளிக்குப் போனான், பாடத்தைப் படித்தான் போன்ற வேற்றுமை இடங்களை அடுத்த வாரம் தொடங்குங்கள். தொடங்கும் முதல் நாள் இரண்டு வகையையும் கலந்து கொடுக்க வேண்டாம். புதியது 80% தொட்ட பிறகு கலக்கலாம்.

மழைக்குப் பிறகு

கற்றது அடுத்த நாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று திரும்பத் திரும்பத் தலைகாட்ட வேண்டும். தினமும் முதல் 5 நிமிடப் புரட்டலில் நேற்றையது இரண்டு, போன வாரத்தது இரண்டு, போன மாதத்தது ஒன்று என்று ஐந்து கேள்வி வைத்தால் இது தானாக நடக்கும். எங்கல்மன் வழியில் எழுதப்பட்ட பாடங்களில் ஒரு நாளில் புதிதாக வருவது பத்தில் ஒரு பங்குதான், மீதி எல்லாம் ஏற்கெனவே தொட்டதை உறுதியாக்குவது.

கடலூர், புதுச்சேரிக் கரையில் இதற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்த நாள் மழை விடுமுறை வரும் என்று சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் கரை கடந்தபோது வகுப்பு மட்டுமில்லை, சில வீடுகளில் பை, நோட்டு எல்லாமே போயிற்று. ஆகவே ஒரு திறனின் முக்கியமான முதல் மூன்று நாட்களை, வானம் சரியில்லாத வாரத்தில் தொடங்காமல் இருப்பது நல்லது. பாதி கற்ற நிலையில் நான்கு நாள் இடைவெளி விழுந்தால் தப்பான பாதிதான் மிஞ்சும். நடுவில் பூஜ்யம் வரும் கழித்தலை முடிந்தால் மழைக்கு முன்னால் செப்டம்பரிலோ, மழை ஓய்ந்து ஜனவரியிலோ வையுங்கள். விடுமுறை முடிந்து வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கவும் வேண்டாம். ஆறு கணக்கு சிலேட்டில் போடச் சொல்லி, 80% இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்தப் பூஜ்யக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பண்ருட்டிச் சந்தைக்கு 504 பலாப்பழம் வந்தது, 278 லாரியில் ஏறியது, மீதி எவ்வளவு? சரியான விடை 226. 374 வந்தால் தலைகீழாகக் கழித்திருக்கிறது. 236 வந்தால் நூறிலிருந்து பத்து இடத்துக்குப் பத்து கொண்டுவந்தது சரி, அதில் ஒன்றை ஒன்று இடத்துக்குக் கொடுத்த பிறகு அங்கே 9 என்று மாற்ற மறந்திருக்கிறது. இரண்டாவது தப்புக்கு மறுபடி ஈர்க்குக் கட்டுதான் மருந்து. பத்துக் கட்டைச் சேர்த்துக் கட்டிய ஒரு நூறு கட்டை அவிழ்த்தால் பத்துக் கட்டு. அதில் ஒன்றை அவிழ்த்தால் மேசையில் மிச்சம் ஒன்பது கட்டு. ஒரு முறை கையால் செய்துவிட்டால் 9 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டு ஆசிரியர் பள்ளியில்

ஐந்து வகுப்பையும் இருவர் நடத்தும் ஊரகப் பள்ளியில் 40 நிமிடம் ஒரே வகுப்போடு இருக்க முடியாது. அங்கே பாடத்தை 15 நிமிடத் துண்டாக்குங்கள்: செய்து காட்டுவது 4, சேர்ந்து செய்வது 11. அந்த நேரத்தில் மற்ற வகுப்புகள் ஏற்கெனவே தேறிய ஒன்றைத் தனிப் பயிற்சியாகச் செய்துகொண்டிருக்க வேண்டும். தேறாததைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை "மிஸ், இது எப்படி?" என்று வந்து நிற்பார்கள், இரண்டு பாடமும் கெடும்.

தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை வாரியாகப் பிரிப்பது இதற்கு வசதி. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று பார்க்காமல், 13−7 வராதவர்கள் ஒரு குழு, கடன் வாங்கத் தயாரானவர்கள் ஒரு குழு என்று உட்காரவைக்கலாம். ஆறு முதல் பத்துப் பேர் வரை உள்ள குழுவில் சிலேட்டு கூட வேண்டாம், ஒவ்வொரு குரலும் காதில் தனித்தனியாக விழும். குழு நிரந்தரமாகக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே பத்துக் கேள்வியை வைத்து மாற்றிப் போடுங்கள்.

நன்றாகத் தேறிய பிள்ளைகளை இந்த வரிசைக்குள்ளேயே கட்டிப்போடவும் கூடாது. தெரிந்த பிள்ளைக்கு அடி அடியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் வேகம் குறையும், சலிப்பும் வரும். அவர்களுக்கு விடையைக் கொடுத்துக் கணக்கை உருவாக்கச் சொல்லுங்கள்: மீதி 226 வரும்படி, நடுவில் பூஜ்யம் இருக்கும்படி மூன்று பலாப்பழக் கணக்கு எழுது.

பீரியட் முடிந்ததும் வாங்கிய துண்டுத் தாள்களை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: சரி, தலைகீழ், குறைக்க மறந்தது. ஒரு நிமிடம்கூட ஆகாது. நாளைய முதல் 5 நிமிடத்துக்கான கேள்விகள் அந்த இரண்டாவது, மூன்றாவது அடுக்குகளில் இருக்கின்றன.